பதினெட்டு வயதில் ஊழியம்: மார்மன் சபை வயது வரம்பைக் குறைத்தபோது நடந்தவை

2012 அக்டோபர் 6, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் மார்மன் சபையின் பொது மாநாடு தொடங்கியிருந்தது. சபைத் தலைவர் தாமஸ் மான்சன் தன் தொடக்க உரையிலேயே இரண்டு எண்களை மாற்றினார். மிஷனரி ஊழியத்துக்குப் புறப்பட ஆண்களுக்கு இருந்த குறைந்தபட்ச வயது 19-லிருந்து 18 ஆனது. பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆனது.

வயதைக் குறைத்தால் ஊழியர்கள் கூடுவார்கள், ஊழியர்கள் கூடினால் சபையில் சேருபவர்களும் கூடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். முதல் பாதி சில காலத்துக்கு உண்மையானது. இரண்டாவது பாதி பெரிதாக நடக்கவில்லை. அறிவிப்பின்போது அதிகம் பேசப்படாத இன்னொன்று நடந்தது: அந்தச் சபையில் வளரும் இளம்பெண்களின் வாழ்க்கைப் பாதை மாறியது. இந்த மாற்றத்தின் மிகப் பெரிய விளைவு அதுதான் என்பது என் கணிப்பு. ஏன் என்று புரிய, முதலில் இந்த ஊழியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஊழியம் என்றால் என்ன?

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 'மார்மன்' என்ற சுருக்கப் பெயரைத் தவிர்த்து முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். வாசகர்களுக்கு அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காகவே இங்கே சுருக்கப் பெயரைப் பயன்படுத்துகிறேன்.

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, சட்டைப்பையில் கறுப்புப் பெயர் அட்டை என்று இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்கள்தான் இந்தச் சபையின் முகம். ஆண்களுக்கு ஊழியக் காலம் இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு 18 மாதங்கள். சம்பளம் கிடையாது, செலவைக் குடும்பமே ஏற்கிறது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் அப்போது மாதம் 400 டாலர் கட்டினார்கள், 2020 ஜூலையிலிருந்து 500 டாலர். எந்த நாடு, எந்த ஊர் என்பதைப் போகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பத்தைப் பார்த்துத் தலைமையகம் முடிவு செய்யும். போன இடத்தில் எப்போதும் ஒரு துணை ஊழியருடன்தான் இருக்கவேண்டும். காதல், காதல் சந்திப்பு எதற்கும் இடமில்லை. துணி துவைக்கவும் வீட்டுக்கு எழுதவும் வாரத்தில் ஒரு நாள். பெற்றோரிடம் தொலைபேசியில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் என்ற வழக்கமே நெடுங்காலம் இருந்தது.

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஊழியம் ஆண்களின் ஆசாரியத்துவக் கடமை, அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் குருத்துவப் பொறுப்போடு வரும் கடமை. உடல்நலமும் தகுதியும் உள்ள ஒவ்வோர் இளைஞனும் போகவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சபைக் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர்களில் போகாதவன் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கோ அது விருப்பம் மட்டுமே: வந்தால் வரவேற்பு, வராவிட்டால் குறையில்லை. அதனால் ஒரே அறிவிப்பில் இரு வயதுகளும் குறைந்தாலும், ஆண்களுக்கு அது 'எப்போது' என்ற கேள்வியைத்தான் மாற்றியது. பெண்களுக்கு 'போவதா வேண்டாமா' என்ற கேள்வியையே மாற்றியது.

பழைய வயதுகள் யாரைத் தடுத்தன?

அமெரிக்கப் பிள்ளைகள் பொதுவாக 18 வயதில் பள்ளியை முடிக்கிறார்கள். ஊழிய வயது 19 என்றால் நடுவில் ஓர் ஆண்டு தொங்குகிறது. சிலர் கல்லூரியில் முதலாண்டு படித்துவிட்டு இடையில் நிறுத்திப் போவார்கள். சிலர் கிடைத்த வேலையைச் செய்து பணம் சேர்ப்பார்கள். அந்த ஓராண்டில் சபையை விட்டு மனம் விலகுகிறவர்களும் உண்டு; வயதைக் குறைத்ததற்கு அதுவே உண்மையான காரணம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். சபை அப்படிச் சொல்லவில்லை. கட்டாய ராணுவ சேவை, கல்வி முறை போன்ற காரணங்களால் ஏற்கெனவே சில நாடுகளின் இளைஞர்கள் 18 வயதிலேயே போய்வருகிறார்கள், அவர்கள் நன்றாகவே ஊழியம் செய்கிறார்கள் என்று மான்சன் எடுத்துக்காட்டினார். பள்ளிப் படிப்பை முடித்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எல்லோரும் 18-லேயே போகவேண்டும் என்று தான் சொல்லவில்லை, இது ஒரு வாய்ப்பு என்றும் தெளிவுபடுத்தினார். நடைமுறையில் அந்த வாய்ப்பே விரைவில் வழக்கமாகிவிட்டது.

பெண்களுக்கு 21 என்ற வயது செய்த வேலை வேறு. மார்மன் சமூகத்தில், குறிப்பாக யூட்டாவில், திருமணம் சீக்கிரமே நடக்கும். 21 வயது ஆவதற்குள் பல பெண்களுக்குத் திருமணம் முடிந்திருக்கும், அல்லது நிச்சயமாகியிருக்கும். ஆகாதவர்கள் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பார்கள். அந்த வயதில் ஊழியம் என்றால் எதையாவது பாதியில் விட்டுத்தான் போகமுடியும். 'கல்யாணம் அமையவில்லை, அதனால் ஊழியத்துக்குப் போகிறாள்' என்ற பேச்சும் இருந்தது. ஆசை இருந்தும் போகமுடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. ஆனால் 2012-க்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர்கள் குறைவாக இருந்திருக்க முடியாது.

பெண்கள் போவதே புதிதல்ல. ஐனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இரண்டு மணமாகாத பெண்கள் 1898-லேயே முழுநேர ஊழியர்களாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னர் பெண்களுக்கான வயது நெடுங்காலம் 23 ஆக இருந்து, 1964-ல் 21 ஆனது. ஆண்களுக்கு 1960-ல் 20-லிருந்து 19 ஆனது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த எண்கள் அசையவில்லை.

எண்ணிக்கை ஏன் எகிறியது, ஏன் இறங்கியது?

அறிவிப்புக்கு முன் வாரத்துக்குச் சுமார் 700 ஊழிய விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்தன. அடுத்த இரண்டு வாரங்களில் அது வாரத்துக்குச் சுமார் 4,000 ஆனது. அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை.

2012 முடிவில் களத்தில் இருந்த முழுநேர ஊழியர்கள் 58,990 பேர். 2013 முடிவில் 83,035. 2014 முடிவில் 85,147. பிறகு இறக்கம்: 2015-ல் 74,079, 2016-ல் 70,946, 2017-ல் 67,049, 2018-ல் 65,137. ஏறும்போது 'எழுச்சி' என்றும் இறங்கும்போது 'வீழ்ச்சி' என்றும் செய்திகள் வந்தன. இரண்டு சொல்லும் பொருந்தாது. இந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி வெறும் கணக்கு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதை ஆறிலிருந்து ஐந்தாக ஒரு மாநிலம் குறைக்கிறது என்று வையுங்கள். அந்த ஆண்டு ஆறு வயதுப் பிள்ளைகளும் வருவார்கள், ஐந்து வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். வகுப்பறை இருமடங்கு நிரம்பும். ஊரில் குழந்தைகள் பெருகிவிட்டார்கள் என்று அதற்குப் பொருளா? அடுத்த ஆண்டு ஐந்து வயதுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். சேர்க்கை பழைய அளவுக்கே திரும்பிவிடும். நிரம்பி வழிந்த அந்த ஒரு தொகுதி மட்டும் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலேறி, கடைசியில் பள்ளியை விட்டு வெளியேறும்.

ஊழியத்திலும் இதுதான் நடந்தது. எளிய கணக்குக்காக ஆண்டுதோறும் 10,000 இளைஞர்கள் புறப்படுகிறார்கள் என்று கொள்வோம். இரண்டாண்டு ஊழியம் என்பதால் எந்த நேரத்திலும் களத்தில் 20,000 பேர் இருப்பார்கள். வயது குறைந்த ஆண்டில் 19 வயதுக்காரர்களும் 18 வயதுக்காரர்களும் சேர்ந்து 20,000 பேர் புறப்படுகிறார்கள். முந்தைய ஆண்டு போனவர்கள் 10,000 பேர் இன்னும் களத்தில் இருக்கிறார்கள். மொத்தம் 30,000. அடுத்த ஆண்டு புதிதாக 10,000 பேர்தான். ஆனால் பெரிய தொகுதி இன்னும் திரும்பாததால் மொத்தம் 30,000-ஆகவே நிற்கும். மூன்றாம் ஆண்டில் பெரிய தொகுதி வீடு திரும்பும்; மொத்தம் மீண்டும் 20,000. யாருடைய பக்தியும் கூடவில்லை, குறையவில்லை. வரிசை ஒருமுறை முன்னே நகர்ந்தது, அவ்வளவுதான்.

பெண்களுக்கு வயது இரண்டு ஆண்டு குறைந்ததால் 19, 20, 21 என்று மூன்று வயதுக்காரர்கள் ஒரே நேரத்தில் புறப்பட முடிந்தது. 2013, 2014-ல் எண்ணிக்கை எகிறி நின்றதும் 2015-ல் சரிந்ததும் இப்படித்தான்.

ஆனால் சரிந்த பிறகும் மொத்தம் பழைய இடத்துக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 2018-ல் இருந்தது 58,990 அல்ல, 65,137. மீதமான அந்த ஆறாயிரத்தை வரிசை நகர்ந்ததை வைத்து விளக்க முடியாது. போகிறவர்களின் விகிதம் கூடினால்தான் அப்படி நிலைத்து நிற்கும். கூடியது பெரும்பாலும் பெண்களின் விகிதம்தான்.

இடம் எங்கே?

ஓராண்டில் இருபத்துநான்காயிரம் பேர் கூடினால் அவர்களை எங்கே உட்காரவைத்துப் பயிற்சி தருவது? யூட்டாவின் புரோவோ நகரில் இருக்கும் முதன்மைப் பயிற்சி மையம் போதவில்லை. பக்கத்திலிருந்த பிரிகாம் யங் பல்கலைக்கழக மாணவர் குடியிருப்புகள் சில தற்காலிக விடுதிகளாயின. பயிற்சிக் காலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. 2013-ல் 58 புதிய மிஷன்கள், அதாவது ஊழிய மாவட்டங்கள், உருவாக்கப்பட்டு அவற்றின் எண்ணிக்கை 405 ஆனது.

மெக்சிகோ நகரில் நடந்தது மனத்தைத் தைக்கிறது. அங்கே 1964 முதல் சபை நடத்திவந்த பெனெமெரித்தோ தெ லாஸ் அமெரிக்காஸ் என்ற பள்ளி இருந்தது. மெக்சிகோவின் பல ஏழைக் குடும்பங்களுக்கு முன்னேறும் வழியாக இருந்த பள்ளி அது. 2013 ஜனவரியில் அது மூடப்படும் என்று அறிவித்தார்கள். அந்தக் கோடையிலேயே வளாகம் மிஷனரிப் பயிற்சி மையமாகிவிட்டது. யூட்டா இளைஞர்களுக்குத் திறந்த ஒரு வாய்ப்புக்காக மெக்சிகோ மாணவர்கள் தங்கள் பள்ளியைக் கொடுக்கவேண்டியிருந்தது. வயது மாற்றத்தின் நன்மைகளைப் பேசும்போது இந்த விலையையும் சேர்த்தே பேசவேண்டும்.

யூட்டாவின் கல்லூரிகளும் தடுமாறின. முதலாண்டு வகுப்புகளில் சேரவேண்டியவர்கள் திடீரென்று நாட்டைவிட்டே போய்விட்டதால் 2013-ல் மாணவர் எண்ணிக்கை பல இடங்களில் குறைந்தது. வெளிமாநில மாணவர்களை ஈர்க்கக் கட்டணச் சலுகை தர மாநிலச் சட்டமன்றம் வழிசெய்தது. சேர்க்கையை ஒத்திவைக்கும் விதிகளும் தளர்ந்தன. இரண்டு ஆண்டுகளில் ஊழியர்கள் திரும்பிவந்ததும் நிலைமை சீரானது.

ஞானஸ்நானங்கள் கூடினவா?

ஊழியத்தின் நோக்கமே புதியவர்களைச் சபைக்குக் கொண்டுவருவது. அதனால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2012-ல் மதம் மாறி ஞானஸ்நானம் பெற்றவர்கள் 2,72,330 பேர். 2014-ல் 2,96,803. ஊழியர் எண்ணிக்கை 44 சதவீதம் உயர்ந்தபோது ஞானஸ்நானங்கள் 9 சதவீதம் மட்டுமே உயர்ந்தன. 2016-ல் அது 2,40,131 ஆக இறங்கியது. அப்போது 2012-ஐவிட சுமார் 12,000 ஊழியர்கள் கூடுதலாக இருந்தார்கள், ஞானஸ்நானங்களோ 2012-ஐவிடக் குறைவு.

காரணம் ஊழியர்களின் சோம்பல் அல்ல. ஊழியர்கள் வந்து கதவைத் தட்டியதால் மதம் மாறுகிறவர்கள் மிகக் குறைவு. உறுப்பினர் ஒருவர் தன் நண்பரையோ உறவினரையோ அறிமுகப்படுத்துவதன் மூலமே பெரும்பாலும் இது நடக்கிறது. ஒரு சபை வட்டாரத்தில் நான்கு ஊழியர்களுக்குப் பதில் எட்டுப் பேரைப் போட்டால், அறிமுகப்படுத்த அங்கிருக்கும் நண்பர்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகாது. ஆர்வம் அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு எல்லோரையும் அனுப்பிவிடவும் முடியாது. விசா, பாதுகாப்பு, அங்குள்ள சபைகளின் தாங்குதிறன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இதன் மறுபக்கத்தை 2024 காட்டியது. கொரோனா காலத்தில் 52,000-க்கும் கீழே இறங்கிய ஊழியர் எண்ணிக்கை அந்த ஆண்டு முடிவில் 74,127-ஐ எட்டியிருந்தது. 2014-ஐவிடச் சுமார் 11,000 பேர் குறைவு. ஆனால் அந்த ஆண்டின் ஞானஸ்நானங்கள் 3,08,682, 2014-ஐவிட அதிகம். ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து அறுவடையைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெண்களுக்கு நடந்தது

2012-க்கு முன் முழுநேர ஊழியர்களில் பெண்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இரண்டே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். 19 வயதில் பெரும்பாலோருக்குத் திருமணப் பேச்சு முற்றியிருக்காது. கல்லூரியில் ஓராண்டு மட்டுமே முடிந்திருக்கும். எதையும் உடைக்காமல் போய்வர முடிந்தது. இருபதரை வயதில் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம். 'கல்யாணம் அமையாதவள்' என்ற பேச்சும் தானாக அடங்கியது. பள்ளி இறுதியில் இருக்கும் பெண்ணிடம் 'ஊழியத்துக்குப் போகிறாயா?' என்று கேட்பது இயல்பாகிவிட்டது.

களத்தின் அமைப்பும் மாறவேண்டியிருந்தது. 2013-ல் பெண் ஊழியர்களுக்கு வழிகாட்டும் பெண் தலைவர்கள் என்ற புதிய பொறுப்பு உருவானது. அவர்கள் மற்ற பெண் ஊழியர்களுடன் சில நாட்கள் தங்கிப் பழக்குவார்கள், பிரச்சினைகளைக் கேட்பார்கள், மிஷன் தலைமைக் குழுவில் ஆண் தலைவர்களோடு உட்காருவார்கள். முன்பு ஆண்கள் மட்டுமே கூடிய மேசை அது. 2018 டிசம்பரில் பெண் ஊழியர்கள் பாவாடைக்குப் பதில் கால்சட்டை அணியவும் அனுமதி வந்தது. மிதிவண்டி ஓட்டி, கொசுக்கடியில் நடந்து ஊழியம் செய்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

எல்லை எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. ஒரு பெண் மாதக்கணக்கில் ஒருவருக்குப் பாடம் எடுத்து, சந்தேகம் தீர்த்து, அவரை ஞானஸ்நானத் தொட்டிவரை அழைத்து வரலாம். தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுப்பவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும். அந்தச் சடங்குக்குச் சாட்சியாக நிற்கும் உரிமைகூடப் பெண்களுக்கு 2019 அக்டோபரில்தான் கிடைத்தது. அந்த அனுமதியும் வயது மாற்றமும் காரண காரியமாகப் பிணைந்தவை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்நிய மண்ணில் ஒன்றரை ஆண்டு தனித்து நின்று, திட்டம் போட்டு, மேடையில் பேசிப் பழகிய பல்லாயிரம் பெண்கள் ஆண்டுதோறும் ஊர் திரும்பி அதே சபைகளில் உட்காருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் அவர்களுடைய தாய்மார்களின் கேள்விகளாக மட்டும் இருக்கப்போவதில்லை.

பதினெட்டு வயது தாங்குமா?

ஆண்கள் பக்கம் எனக்கு மெய்யாகவே கவலை தருவது இதுதான். 19 வயதில் போனவர்களில் பலர் அதற்குமுன் ஓராண்டாவது விடுதியில் தங்கி, தானே சமைத்து, தோழர்களோடு சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்பார்கள். 18 வயதில் போகிறவர் அம்மாவின் வீட்டிலிருந்து நேரே விமானம் ஏறுகிறார். தெரியாத மொழி, முகத்தில் அடித்துச் சாத்தப்படும் கதவுகள், இருபத்துநான்கு மணி நேரமும் கூட இருக்கும் முன்பின் அறியாத துணை. இரு மடங்கு புதியவர்கள் வந்து இறங்கிய காலத்தில், சில மாத அனுபவம் மட்டுமே உள்ள இளைஞர்கள் அவர்களுக்குப் பயிற்சியாளர்களானார்கள்.

தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் திரும்புகிறவர்களின் நிலை இன்னும் கடினம். யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், முன்கூட்டியே திரும்பியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் தோற்றுவிட்டதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். பலர் திரும்பியது மனநலக் காரணங்களால். ஊரே வழியனுப்பிய பிள்ளை ஆறு மாதத்தில் விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கினால் அவன் மனம் என்ன பாடுபடும்!

சபை இதைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிலைகளாகப் பிரித்து, எந்த நிலையில் என்ன செய்யலாம் என்று விளக்கும் கையேடு ஒன்றை 2013-ல் ஊழியர்களின் கையில் கொடுத்தார்கள். வெளியூர் போய்ப் போதிக்க உடலோ மனமோ இடம் தராதவர்கள் வீட்டிலிருந்தபடியே சமூகச் சேவை செய்யும் சேவை ஊழியம் விரிவாக்கப்பட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து ஊழியர்கள் வாரம் ஒருமுறை வீட்டாரோடு தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம். இந்த மூன்றிலும் கடைசிதான் மிகப் பெரிய உதவி என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு இருமுறை மட்டுமே அம்மாவின் குரலைக் கேட்கலாம் என்ற விதி பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் நெடுநாள் நிற்கக்கூடியதல்ல.

இப்போது எங்கே நிற்கிறது?

2025 நவம்பரில், டாலின் ஓக்ஸ் தலைமையிலான சபைத் தலைமை, பெண்களும் 18 வயதில் புறப்படலாம் என்று அறிவித்தது. இதனால் வயது வரம்பில் ஆணும் பெண்ணும் சமமானார்கள். காலம் மட்டும் பெண்களுக்கு அதே 18 மாதங்கள்.

மேலே பார்த்த கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். 19 வயதுப் பெண்களோடு 18 வயதுப் பெண்களும் ஒரே ஆண்டில் புறப்படுவார்கள், எனவே ஊழியர் எண்ணிக்கை ஏறும். அந்தத் தொகுதி 18 மாதங்களில் வீடு திரும்பும்போது, ஏறத்தாழ 2027-ன் நடுவிலிருந்து, எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். இம்முறையும் ஏறும்போது 'எழுச்சி', இறங்கும்போது 'வீழ்ச்சி' என்று செய்திகள் வரலாம். கவனிக்கவேண்டியது இறங்கிய பின் எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்பதை. 18 வயதுப் பெண்ணுக்குக் கல்லூரி முதலாண்டுகூட இடையில் இல்லாததால், போகிறவர்களின் விகிதம் இன்னும் கூடும் என்பது என் எதிர்பார்ப்பு. அப்படிக் கூடினால், மேலே சொன்ன பதினெட்டு வயதின் பாரத்தை இனி பெண்களும் சுமப்பார்கள்.